பேட் மாற்றி, ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

சிந்துபூந்துறை_கரை
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி 2012 மாடல் சின்ன கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் ஏறியபோது சக்கரம் மூழ்கி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்ற வண்டி. அப்போது இன்ஜின் ஆயில், கியர் ஆயில், வயரிங், சீட் எல்லாவற்றையும் பார்த்தோம். பிரேக் நன்றாகப் பிடித்ததால் அதை மட்டும் யாரும் கழற்றவில்லை.

போன மாதம் இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்துபோயிருக்கிறது, வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் மிச்சம். டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. சரி, அரைகுறையாக வேண்டாம் என்று வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் முன்பக்கத்துக்கு இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், அரை லிட்டர் டாட் 3 பிரேக் ஆயில் வாங்கி, வெள்ளிக்கிழமை மச்சானும் நானுமாக வீட்டு வாசலிலேயே மாட்டினோம்.

அதிலிருந்து பெடல் முக்கால்வாசி தூரம் உள்ளே போகிறது. பிடிக்காமல் இல்லை, பிடிக்கிறது, ஆனால் காலுக்குக் கீழே ஈரப் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது. இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது. இதுவரை மூன்று தடவை ஏர் எடுத்துவிட்டோம், அதாவது ஆயில் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றிப் பார்த்துவிட்டோம். மச்சான் பெடலில், நான் ஸ்பேனரோடு கீழே. காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளில் குழாய் மாட்டிப் பாட்டிலுக்குள் விட்டுப் பார்த்ததில் ஒரு குமிழிகூட வரவில்லை, சுத்தமான ஆயில்தான் வருகிறது. வாங்கிய அரை லிட்டர் தீர்ந்து இன்னொரு பாட்டிலும் பாதி காலி.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே பெடலை மிதித்தால் சக்கரத்துக்கு ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மலைப்பாதையில் இந்த பிரேக்கை நம்பி இறங்க எனக்குத் தைரியம் இல்லை. என்ன செய்யலாம்?


தச்சநல்லூர்_ஓட்டி
ஞாயிறு, இரவு 10.05

புது பேட், புது டிஸ்க் இரண்டும் ஒன்றோடொன்று பதியும் வரைக்கும் பெடல் அப்படித்தான் இருக்கும். என் வண்டியிலும் இருந்தது. ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள், தானாகச் சரியாகிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கெல்லாம் காசைப் போடாதீர்கள்.


பழைய_பட்டறை
ஞாயிறு, இரவு 11.20

தம்பி, முதலில் ஒன்று. இது என்னவென்று தெரியும் வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம். தச்சநல்லூர்க்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், பேட் பதியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பதியாத பேடில் பிடிப்புதான் கொஞ்சம் குறைவாக இருக்கும், பெடலும் லேசாக மெத்தென்று தெரியலாம். முக்கால்வாசி உள்ளே போகாது. முக்கால்வாசி போகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, ஓட்டினால் அது சரியாகாது.

மேலப்பாளையத்தில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தேன், இப்போது கண் பார்வைக்காக விட்டுவிட்டேன். 'பிரேக் லூஸாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படி லூஸ் என்பதுதான். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பெடல் கீழே போய்த்தான் பிடிக்கும், ஆனால் பிடித்த இடத்தில் கல் மாதிரி நிற்கும், இரண்டாவது மிதியில் மேலேயே பிடிக்கும் என்றால் எங்கேயோ இடைவெளி அதிகம். பெரும்பாலும் பின் சக்கரத்தில் டிரம்முக்குள் விரிந்து பிடிக்கிற ஷூ, டிரம்மை விட்டு விலகி நிற்கும். மாஸ்டர் தள்ளுகிற ஆயிலில் பாதி, ஷூவை டிரம் வரைக்கும் கொண்டுபோகவே செலவாகிவிடும். பேட் மாற்றும்போது, பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டு, பெடலை ஒரு தடவைகூட மிதிக்காமல் வண்டியை எடுக்கிறவர்களுக்கும் இதுதான் நடக்கும். அவர்களுக்கு நாலைந்து மிதியில் பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்டதும் சரியாகிவிடும்.

பிடித்த இடத்திலும் கல் மாதிரி இல்லாமல், அமுக்க அமுக்க உள்ளே போய், காலை எடுத்தால் ஸ்பிரிங் மாதிரி எழும்பினால் லைனில் காற்று. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும், அவ்வளவுதான். ரொம்பப் பழைய ரப்பர் ஹோஸ் உப்பினாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் உப்புவது விரலுக்குத் தெரியும். பேடுக்குப் பின்னால் பழைய தகட்டை எடுக்காமல் புதுத் தகட்டையும் சேர்த்து இரண்டாக மாட்டியிருந்தாலும், பேட் காது பிராக்கெட் பள்ளத்தில் சரியாக உட்காராமல் சாய்ந்து நின்றாலும் கொஞ்சம் இப்படி வரும்.

மூன்றாவது, காலை வைத்து ஒரே அழுத்தமாகப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவது. எங்கேயும் ஒழுகாமல் அப்படி இறங்கினால்தான் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மேல் சந்தேகப்பட வேண்டும். வண்டியைப் பார்க்காமல் போனிலேயே மாஸ்டர் என்று சொல்வது சரியில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தடவை மிதித்து, மிதிக்கு பலம் கூட்டுகிற பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைக் காலி பண்ணுங்கள். அப்புறம் ஒரே அழுத்தமாக மிதித்துக் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் பாருங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் இறங்கும், அது பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் 'டக் டக்' என்று எத்தனை பல் ஏறுகிறது என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள்.


சிந்துபூந்துறை_கரை
திங்கள், காலை 7.15

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே காலையில் செய்து பார்த்தேன். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன், பெடல் இறங்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் கல் மாதிரியும் இல்லை, இன்னும் அழுத்தினால் இன்னும் போகிறது, விட்டால் எழும்புகிறது. நீங்கள் சொன்ன இரண்டாவது விதம்தான். ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன், உப்புவதாகத் தெரியவில்லை. டப்பாவில் ஆயில் மட்டம் குறையவில்லை, நான்கு சக்கரத்திலும் கசிவு இல்லை. ஹேண்ட் பிரேக் 11 பல் ஏறுகிறது.

அப்படியென்றால் காற்றுதானே? மூன்று தடவை எடுத்தும் குமிழி வரவில்லையே, அந்தக் காற்று எங்கே இருக்கும்?


அம்பை_வேன்
திங்கள், மதியம் 1.30

காரையார் போகப்போகிறேன் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அம்பாசமுத்திரத்தில் வேன் ஓட்டுகிறேன், பாபநாசம் செக்போஸ்டுக்கு மேலே ஏறி இறங்குவது எனக்கு வாடிக்கை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பக்தர்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, முன்னால் ஒரு வண்டி தவழ்ந்துகொண்டே போனதால் நானும் கீழ் கியருக்கு மாற்றாமல் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் மிதித்தால் பெடல் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே பதினாறு பேர். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஓரமாக உரசுகிற மாதிரி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது. அதுதான் அதில் பயங்கரம், பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே தெரியாது.

அது ஆயில் கொதித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி ஆக வேண்டும், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது 230, ஈரம் ஏறிய பிறகு 155. கொதித்தால் லைனுக்குள் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் கீழே. இன்ஜின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுகிற நானே பிரேக் ஆயிலை நான்கு வருஷம் தொடாமல் வைத்திருந்தேன். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றிவிடுகிறேன்.

உங்கள் வண்டி வெள்ளத்தில் ஒன்றரை நாள் நின்றது என்கிறீர்கள். முன் சக்கரத்தில் புது ஆயில் வந்துவிட்டது, சரி. பின் சக்கர லைனில் இருப்பது எப்போது ஊற்றியது? அங்கே நிப்பிளைத் திறந்தால் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். டீ டிக்காஷன் நிறத்தில் வந்தால் தேன் நிறத்தில் வரும் வரைக்கும் விடாதீர்கள்.


வள்ளியூர்_ஸ்பேனர்
திங்கள், இரவு 8.50

ஒரு இடத்தில் இடிக்கிறது, அதைக் கேட்டுவிடுகிறேன். பேடும் டிஸ்க்கும் மாற்றுவதற்கு ஆயில் லைனைத் திறக்கவே தேவையில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிபரை ஹோஸோடு அப்படியே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வேலையை முடித்துவிடலாம். லைனைத் திறக்கவில்லை என்றால் காற்று எப்படி உள்ளே போனது? உள்பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்தது என்றால் கேலிபர் நகர்கிற கைடு பின் இறுகிப்போயிருக்க வேண்டும், அதைச் சரி பண்ணாமல் புது பேட் போட்டிருக்க மாட்டீர்கள். கேலிபரை ஹோஸிலிருந்து கழற்றி எங்கேயாவது வேலைக்குக் கொடுத்தீர்களா?

கொடுத்திருந்தால் இப்போதே ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஏர் எடுக்கிற நிப்பிள் கேலிபரில் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா பட்டறையில் நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு வண்டி இரண்டு நாள் நின்றது. அதிலும் குமிழியே வரவில்லை, பெடலும் ஏறவில்லை.


சிந்துபூந்துறை_கரை
திங்கள், இரவு 9.35

அக்கா, கையெல்லாம் கிரீஸோடு எழுதுகிறேன். கீழே இருக்கிறது!

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. இடது பக்கம் கைடு பின் இரண்டும் துருப்பிடித்து அசையவே இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையும் கிழிந்து உள்ளே வண்டல் மண் இருந்தது. அதனால் இரண்டு கேலிபரையும் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்து, கைடு பின்களைச் சுத்தம் பண்ணி, ரப்பர் கிட் மாற்றி வாங்கினேன். ஒரே சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இடது வலது என்று நான் அடையாளம் வைக்கவில்லை. பிராக்கெட்டில் இரண்டுமே எந்த இடைஞ்சலும் இல்லாமல் பொருந்தியதால் சந்தேகமும் வரவில்லை. முதல் பதிவில் இதை எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நிப்பிள் மூடியிருக்கும் அந்தச் சின்ன ரப்பர் தொப்பி தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, ஹோஸ் போல்ட் அதற்கு மேலே. ஹோஸும் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் டயருக்கும் ஹோஸுக்கும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. மூன்று தடவை இதன் கீழே படுத்து ஏர் எடுத்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.


வள்ளியூர்_ஸ்பேனர்
திங்கள், இரவு 9.50

கிடைத்துவிட்டதே, அது போதும். சின்ன வயதில் ஆற்றில் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியிருப்பீர்கள்தானே, வாய் தண்ணீருக்குள் இருக்கும் வரைக்கும் உள்ளேயிருக்கும் காற்று எங்கேயும் போகாது, குடத்தின் அடிப்பக்கம் மேலே இருப்பதால் அங்கேயே நிற்கும். உங்கள் கேலிபரும் அதே மாதிரிதான். பிஸ்டனுக்குப் பின்னால் மேல்பாதியில் காற்று உட்கார்ந்திருக்கிறது, நிப்பிள் அடியில் இருப்பதால் நீங்கள் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் கீழ்வழியாக ஆயில் மட்டும் சுத்தமாக வந்துகொண்டே இருக்கும். குமிழி வராததற்கு அதுதான் காரணம்.

இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் சரியாகிவிடும். கேலிபரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, நிப்பிள் மேலே வருகிற மாதிரி கையில் தூக்கிப் பிடித்து, பேடுக்கு நடுவில் கட்டை வைத்து ஏர் எடுக்கவும் முடியும். ஆனால் ஹோஸ் டயரை உரசுகிற அளவில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த வழி வேண்டாம், சரியான பக்கத்துக்கே மாற்றிவிடுங்கள். முறையை அண்ணாச்சி சொன்னால் நன்றாக இருக்கும்.


பழைய_பட்டறை
செவ்வாய், காலை 6.10

வள்ளியூர் பிள்ளை கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். 'ஏர் எடுத்தேன்' என்று படித்தபோதே லைன் எதற்காகத் திறந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. நல்லா இரும்மா.

தம்பி, வேலையை அவசரப்படாமல் பகலில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஹோஸ் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் ஒழுகும், அதனால் ஹோஸ் முனையைத் தூக்கிக் கட்டி, சுத்தமான ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். டப்பாவை ஒழுகிக் காலியாக விட்டுவிட்டால் மாஸ்டருக்குள்ளேயும் காற்று போய் வேலை இரண்டு மடங்காகும். ஹோஸ் போல்ட்டில் ஹோஸ் முனைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு செம்பு வாஷர் இருக்கும், ஒரு தடவை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு புது வாஷர் வாங்கிக்கொள்ளுங்கள். கசிகிறதே என்று போல்ட்டை வெறிகொண்டு முறுக்கினால் அறுந்துவிடும், நடுவில் ஓட்டை உள்ள போல்ட் அது. ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்டைத் தின்றுவிடும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு பட்ட உடனே கழுவுங்கள். பேடிலோ டிஸ்க்கிலோ சொட்டுக்கூடப் படக்கூடாது. கைடு பின்னுக்கு பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ்தான், பேரிங்குக்குப் போடுகிற கிரீஸைத் தடவினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊதி, கைடு பின் திரும்பவும் இறுகும்.

ஏர் எடுக்கிற வரிசை, டப்பாவிலிருந்து தூரத்தில் இருக்கிற சக்கரம் முதலில். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஸ்டியரிங் பக்கம், அதாவது வலது பக்கம் இருக்கிறது. அதனால் இடது பின், வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். வண்டியோடு வந்த கம்பெனி புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் புத்தகத்தின்படியே செய்யுங்கள். லைனைத் திறந்தது முன்னால் மட்டும்தான் என்றாலும் அம்பைக்காரர் சொன்னதற்காகப் பின்னாலும் பழைய ஆயிலை வெளியேற்றிவிடுங்கள்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். 'அமுக்கு' என்றால் மெதுவாக அமுக்கிப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைத் திறந்ததும் பெடல் இறங்கும், நீங்கள் மூடி 'விடு' என்று சொல்லும் வரை காலை எடுக்கவே கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இன்னொன்று, 13 வருஷ வண்டியில் பெடலைத் தரை வரைக்கும் அமுக்கக் கூடாது. மாஸ்டருக்குள் ரப்பர் தினமும் போய்வருகிற தூரம் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் போகாத இடத்தில் துருவும் கசடும் உட்கார்ந்திருக்கும். தரை வரைக்கும் அமுக்கினால் ரப்பரின் உதடு அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். ஏர் எடுத்த அன்றைக்கே நல்ல மாஸ்டர் கெட்டுப்போன வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெடலுக்குக் கீழே இரண்டு அங்குல மரக்கட்டை ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். மூன்று தடவை எடுத்தும் உங்கள் மாஸ்டர் ஒரு நிமிஷம் தாங்குகிறது, நல்லகாலம், அதைக் காப்பாற்றுங்கள்.

ஏபிஎஸ் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற எல்லா காரிலும் அது இருக்கிறது. அதன் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பெடலை மிதித்து மட்டும் முழுதாக எடுப்பது சிரமம், கம்ப்யூட்டர் மாட்டி உள்ளே இருக்கிற வால்வைத் திறந்துமூட வைக்க வேண்டி வரும். டப்பா காலியாகாமல் பார்த்துக்கிடுங்க.


தச்சநல்லூர்_ஓட்டி
செவ்வாய், காலை 8.30

நான் ஓட்டச் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். என் வண்டியில் பெடல் கொஞ்சம்தான் மெத்தென்று இருந்தது, இவ்வளவு கீழே போகவில்லை. ஹோஸ் டயரை உரசுகிற நிலையில் 200 கிலோமீட்டர் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது. என்னிடம் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் இருக்கிறது, சிந்துபூந்துறை எனக்குப் பக்கம்தான், வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன்.


சிந்துபூந்துறை_கரை
வியாழன், இரவு 10.15

நேற்று லீவு போட்டு முடித்துவிட்டோம். தச்சநல்லூர் அண்ணன் காலை எட்டு மணிக்கே ஸ்டாண்டோடு வந்துவிட்டார், கூடவே இருந்து மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

முன் கேலிபர் இரண்டையும் பக்கம் மாற்றி, புது செம்பு வாஷர் போட்டு மாட்டினோம். ஹோஸ் இப்போது முறுக்கில்லாமல் நேராக நிற்கிறது. இடது முன் சக்கரத்தில் முதல் தடவை நிப்பிளைத் திறந்தபோது குழாய்க்குள் 'பளக் பளக்' என்று காற்று வந்தது பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு ஆயிலே இல்லாமல் வெறும் காற்று, அப்புறம் பாசிமணி கோத்த மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள், ஏழெட்டு மிதிக்குப் பிறகு வெறும் ஆயில். வலது பக்கமும் அப்படியே. மூன்று நாள் எதைத் தேடினோமோ அதைக் கண்ணால் பார்த்தபோது மச்சான் காலை எடுக்காமலே உள்ளேயிருந்து கத்துகிறான், 'அத்தான், பெடல் ஏறுது' என்று.

பின்னால் இடது பக்கம் வந்த ஆயில் அம்பை அண்ணன் சொன்ன அதே டிக்காஷன் நிறம். வலது பக்கம் இன்னும் கறுப்பு. இரண்டிலும் தெளிவாக வரும் வரை விட்டோம்.

அவ்வளவுக்குப் பிறகும் பெடல் கெட்டியாக இருந்ததே தவிர, முதல் மிதியில் பாதிக்குக் கீழே போய்த்தான் பிடித்தது, இரண்டாவது மிதியில் மேலே. அண்ணாச்சி முதலில் சொன்ன விதம். அதே பின் ஷூவை இழுக்கிற ஹேண்ட் பிரேக்கும் 11 பல் ஏறுகிறது என்பதால் பின் டிரம்மைக் கழற்றினோம். ஒரு டிரம் சுத்தியலால் சுற்றித் தட்டித்தான் வந்தது. உள்ளே ஷூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் காய்ந்து வெடித்த வண்டல், தாமிரபரணி கொண்டுவந்து வைத்தது, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. தானாக ஷூவை நெருக்கிக்கொடுக்கிற அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் துருப்பிடித்து அசையாமல் நின்றிருக்கிறது. ஊதினால் மூக்குக்குள் போகும் என்பதால் பிரேக் கிளீனர் அடித்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். ஷூவில் தடிமன் இருந்ததால் மாற்றவில்லை. அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, டிரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றுகிற அளவுக்கு வைத்து மூடினோம். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரம் இல்லை. இப்போது ஹேண்ட் பிரேக் 6 பல்லில் நிற்கிறது.

பெடல் மேலேயே பிடிக்கிறது. காலுக்குக் கீழே பலகை மாதிரி. இன்ஜினை நிறுத்தி ஒரு நிமிஷம் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. முதலில் தெருவுக்குள் நடக்கிற வேகத்தில் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, இன்று விடியற்காலை நான்குவழிச் சாலையில் முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் மெதுவாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், நடுவில் சூடு ஆற விட்டு, பத்து தடவை செய்தேன். பேட் பதிந்து பிடிப்பு கூடியது காலுக்கே தெரிந்தது. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. திரும்பி வந்து நான்கு சக்கரத்தின் கீழேயும் அட்டையை விரித்து வைத்து ராத்திரி பார்த்தேன், சொட்டு இல்லை.

அம்பை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது எந்த இடத்திலிருந்து இரண்டாவது கியரில் வர வேண்டும்? அம்மா முன் சீட்டில் இருப்பார்கள், ஆக மொத்தம் நான்கு பேர்.


அம்பை_வேன்
வியாழன், இரவு 10.40

கோயிலிலிருந்து கிளம்பும்போதே இரண்டாவது கியர்தான், கீழே செக்போஸ்ட் வரும் வரைக்கும் மாற்ற வேண்டாம். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுகிறதோ அதிலேயே இறங்குங்கள். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள். பாபநாசத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே முன் சக்கரம் இரண்டுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒரு பக்கம் மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கக் கைடு பின் திரும்பவும் இறுகுகிறது என்று அர்த்தம்.


சிந்துபூந்துறை_கரை
ஞாயிறு, இரவு 8.20

போய்விட்டு வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே சூடுதான்.